நோடும் எட்ஜும் ஒரு செத்துப்போன பேட்டரியும்: காம்ப்ளெக்ஸ் சிஸ்டம்ஸ் படிச்ச கதை

வைவா முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. காம்ப்ளெக்ஸ் சிஸ்டம்ஸ், அதாவது நிறைய பார்ட்ஸ் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்கிற அமைப்பு, இந்த சப்ஜெக்ட்ல ரிசர்ச் பண்ணலாமான்னு ஜூனியர் பசங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்தேன். நான் சிவில் படிச்சவன். பைப்பு, பம்பு, பீம் இதுதான் எனக்குத் தெரிஞ்ச உலகம். ரிசர்ச்சுக்கு எடுத்த டாபிக், ஒரு நகரத்துல கரண்ட் போனா தண்ணி சப்ளை எப்படிப் போகுது, அதோட சேர்ந்து வேற என்னெல்லாம் போகுதுங்கிறது. கேக்கும்போது ஒன்றரை வருஷத்துல முடிச்சிடலாம் போலத்தான் இருந்துச்சு. நாலரை வருஷம் ஆச்சு.

முதல் நாலு மாசம் சுத்தமா ஒண்ணும் புரியல. ஏன்னா இந்த சப்ஜெக்டுக்கு சொந்த வீடு கிடையாது. பிசிக்ஸ்காரங்க ஒண்ணு சொல்றாங்க, டிராபிக் ஆளுங்க ஒண்ணு சொல்றாங்க, சமூகவியல் ஆளுங்க ரெண்டு பேரையும் பாத்து சிரிக்கிறாங்க. எனக்கு கொஞ்சம் தெளிவு வந்தது வாரன் வீவர் 1948ல எழுதின ஒரு கட்டுரையைப் படிச்சப்போ. அவரு சொல்றது இதுதான்: ரெண்டு மூணு விஷயம் மட்டும் இருக்கிற கணக்கு ஈசி. கோடிக்கணக்கான வாயு மூலக்கூறு இஷ்டத்துக்கு ஓடுற கணக்கும் ஒரு விதத்துல ஈசிதான், சராசரி எடுத்தா போதும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு, நிறைய பார்ட்ஸ் இருக்கும், ஆனா ஒண்ணோட ஒண்ணு கோர்த்திருக்கும், அங்க சராசரி எடுத்தா விஷயமே காணாமப் போயிடும். நகரங்களைப் பத்தி எழுதின ஜேன் ஜேக்கப்ஸ் 1961லயே நகரம்னா இந்த நடு வகைதான்னு சொல்லிட்டாங்க. சரி, நம்ம பைப் நெட்வொர்க்கும் அந்த வகைதான்னு அப்பதான் மண்டைல ஏறுச்சு.

எங்க கைடு மேடம் கம்ப்யூட்டரைத் தொடவே விடல. முதல் ஹோம்வொர்க், ஒரு செஸ் போர்டும் ரெண்டு வகை காசும். பொருளாதார நிபுணர் தாமஸ் ஷெல்லிங் 1970 வாக்குல பண்ணின வெளையாட்டு. காசை இஷ்டத்துக்கு இறைச்சு வச்சுட்டு, கொஞ்சம் கட்டம் காலியா விட்டுடணும். ஒவ்வொரு காசுக்கும் ஒரே ஒரு ஆசை, சுத்தி இருக்கிறவங்கள்ல மூணுல ஒரு பங்காவது என்னை மாதிரி இருக்கணும், இல்லைன்னா பக்கத்துல இருக்கிற காலி கட்டத்துக்குப் போயிடுவேன். மூணுல ஒண்ணுன்னா பெருசா வெறுப்பு ஒண்ணும் இல்லையே. ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணா நகத்தினேன், ஒரு காசை நகத்தினா அது விட்டுட்டுப் போன இடத்துல இன்னொண்ணு தனியா மாட்டிக்கும், அதை நகத்தினா இன்னொண்ணு, கடைசில பாத்தா போர்டுல பெரிய காசு எல்லாம் தனிக் கும்பலா, சின்னக் காசு எல்லாம் தனிக் கும்பலா பிரிஞ்சு கிடக்கு. எந்தக் காசும் அதைக் கேக்கல. கம்ப்யூட்டர்ல ரெண்டு செகண்ட்ல ஓடியிருக்கும், ஆனா கையால நகத்துனப்போதான் ஒண்ணு போனா இன்னொண்ணு ஏன் போகுதுன்னு விரல் நுனில தெரிஞ்சுது. இதைப் படிக்க வர்றவங்க தயவுசெஞ்சு ஒரு தடவையாவது கையால பண்ணுங்க.

ரெண்டாவது ஹோம்வொர்க் பிரேஸ் முரண். டீட்ரிச் பிரேஸ் 1968ல சொன்னது. 4000 வண்டி, ரெண்டு ரூட். ஒவ்வொரு ரூட்லயும் ஒரு பாதி அகலமான ரோடு, எப்பவும் 45 நிமிஷம். இன்னொரு பாதி குறுகல், வண்டி எண்ணிக்கையை 100ஆல வகுத்தா வர்ற நிமிஷம். ஒரு ரூட்ல குறுகல் முதல்ல வரும், இன்னொண்ணுல கடைசில வரும். ஆளுக்குப் பாதியா பிரிஞ்சு போனா 20ம் 45ம் சேத்து 65 நிமிஷம். இப்ப நடுவுல நேரமே ஆகாத ஒரு குறுக்கு ரோடு போட்டுக் குடுங்க. எல்லாரும் குறுகல் ரோடு ரெண்டையும் பிடிச்சு குறுக்கால போவாங்க, 40ம் 40ம் 80 நிமிஷம். தனியா ஒருத்தன் பழைய ரூட்டுக்கு மாறினா அவனுக்கு 85. அதனால யாரும் மாற மாட்டாங்க. புது ரோடு போட்டதால எல்லாருக்கும் 15 நிமிஷம் தண்டம். சிவில் படிச்சவனுக்கு இது செருப்படி மாதிரி இருந்துச்சு, நான் அதுவரைக்கும் இன்னொரு லிங்க் போட்டா நல்லதுதானேன்னுதான் நினைச்சுட்டிருந்தேன்.

அப்புறம் கோடிங். பைதான், அதுல நெட்வொர்க் கணக்குக்கு நெட்வொர்க்எக்ஸ், தண்ணி பைப் கணக்குக்கு கொஞ்சம் ஈபாநெட். மேப்ல இருந்து கரண்ட் லைனை எல்லாம் எடுத்து, லைன் சந்திக்கிற இடம் நோடு, நடுவுல இருக்கிறது எட்ஜுன்னு வச்சு ஒரு கிராப் கட்டினேன். அதுக்கு மேல மோட்டர், லாய்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2002ல போட்ட காஸ்கேட் மாடல். ஒவ்வொரு நோடுக்கும் அது வழியா எத்தனை குறுக்குவழி (ரெண்டு நோடுக்கு நடுவுல இருக்கிறதுலயே குட்டையான பாதை) போகுதோ அதுதான் லோடு, தாங்குற சக்தி அதை விட ஒரு 20% அதிகம்னு வச்சுக்கணும். ஒரு நோடைத் தூக்கினா அதோட லோடு மத்ததுமேல ஏறும், தாங்கலைன்னா அதுவும் சாகும், அப்படியே சங்கிலியா போகும். ஓட்டிப் பாத்தா ஒரே ஒரு நோடைத் தூக்கினதுக்கு பாதி ஊர் இருட்டு! கிராப் அவ்ளோ அழகா இருந்துச்சு, சிவப்பு கலர்ல பரவுற மாதிரி அனிமேஷன் வேற பண்ணியிருந்தேன்.

குரூப் மீட்டிங்ல காட்டினேன். மேடம் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "இந்த நோடு என்னப்பா? சப்ஸ்டேஷனா?"ன்னு கேட்டாங்க.

"அது 2217 மேடம்."

"நம்பர் கேக்கல. அங்க என்ன இருக்கு?"

எனக்குத் தெரியல. அன்னைக்கு சாயங்காலம் சேட்டிலைட் படத்துல அந்த இடத்தைப் பெருசு பண்ணிப் பாத்தா, ஒண்ணுமே இல்லைங்க. வெறும் பொட்டல். ரெண்டு ஹை வோல்டேஜ் லைன் ஒண்ணு மேல ஒண்ணு குறுக்கால போகுது, ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. காகிதத்துல கோடும் கோடும் வெட்டிக்கிறதால என் கோட் அதை ஜங்ஷன்னு எடுத்துக்கிச்சு. ஊருக்கே உயிர்நாடின்னு நான் அனிமேஷன் போட்டுக் காட்டினது காத்து. (ரோடு நெட்வொர்க் பண்றவங்களுக்கு மேம்பாலத்துல இதே கதை நடக்கும், கீழ போற ரோட்டுல இருந்து மேல தாவிடும்.) இந்த மாதிரி பொய் நோடு எல்லாத்தையும் தேடித் தேடி எடுக்க ரெண்டரை மாசம் போச்சு. தீசிஸ்ல அது நாலு வரி.

நடுவுல ஒரு கிறுக்குத்தனம். பெட்டன்கோர்ட், வெஸ்ட் குழு 2007ல போட்ட பேப்பர் படிச்சுட்டு மயங்கிட்டேன். மக்கள்தொகை ரெண்டு மடங்கானா வருமானம், கண்டுபிடிப்பு மாதிரி விஷயமெல்லாம் கிட்டத்தட்ட 2.2 மடங்கு ஆகுது, ரோடு, கேபிள் மாதிரியானது 1.8 மடங்குதான் ஆகுதுன்னு. நானும் பண்றேன்னு இறங்கினேன். நகரத்தோட எல்லையை கொஞ்சம் தள்ளிப் போட்டா என் நம்பர் மாறுது, உள்ள இழுத்தா வேற மாதிரி மாறுது. இங்கிலாந்து, வேல்ஸ் டேட்டா வச்சு 2015லயே இதே பிரச்னையை எழுதியிருக்காங்க, நான் அதை அப்புறமாத்தான் பாத்தேன். பவர் லாவும் (ஒரு அளவு இன்னொண்ணோட அடுக்கா மாறுற விதி) இப்படித்தான், லாக் பேப்பர்ல நேர்கோடு மாதிரி தெரிஞ்சா பவர் லான்னு எழுதிட்டேன், அது மட்டும் போதாது, ஒழுங்கா டெஸ்ட் பண்ணணும்னு சொல்ற கிளாசெட், ஷலீசி, நியூமன் 2009 பேப்பரை ஒரு சீனியர் என் டேபிள்ல வச்சுட்டு ஒண்ணும் சொல்லாம போனாரு. ரெண்டு மாசம் காலி. ஸ்டாட்டிஸ்டிக்ஸை ஒழுங்கா படிச்சுட்டு வாங்க, வேற என்ன சொல்ல.

மாடல் மேல எனக்கு இருந்த நம்பிக்கை உடைஞ்சது 2003 ஆகஸ்ட் 14 பிளாக்அவுட் ரிப்போர்ட்டைப் படிச்சப்போ. அமெரிக்காவோட வடகிழக்குப் பகுதி, கனடாவோட ஒண்டாரியோ, சுமார் 5 கோடி பேருக்கு கரண்ட் இல்ல. ஒஹையோல மதியம் 2:14 வாக்குல கன்ட்ரோல் ரூம் அலாரம் சாப்ட்வேர் சத்தமில்லாம நின்னு போச்சு, நின்னதே அங்க இருந்தவங்களுக்குத் தெரியாது. 3:05க்கு ஒரு 345 கிலோவோல்ட் லைன் மரத்துல பட்டு ட்ரிப் ஆகுது, அதாவது தானா கட் ஆகுது. அந்த லைன்ல அப்ப எவ்ளோ லோடு இருந்துச்சுன்னு நினைக்கிறீங்க? அது தாங்குறதுல 44% தான். மரத்தை வெட்டாம விட்டிருக்காங்க, அவ்ளோதான். என் மாடல்ல 100%ஐத் தாண்டினாத்தான் லைன் சாகும். மரம்னு ஒரு வேரியபிளே கிடையாது. அலாரம் கிடையாது. ஆள் கிடையாது. அதே வருஷம் செப்டம்பர் 28 இத்தாலிலயும் மரத்துலதான் ஆரம்பிச்சுது, ஸ்விட்சர்லாந்துல ஒரு லைன், 24 நிமிஷம் கழிச்சு இன்னொண்ணு, அந்த இடைவெளில கன்ட்ரோல் ரூமுக்கும் கன்ட்ரோல் ரூமுக்கும் நடுவுல போன்ல பேசிக்கிட்டு இருந்திருக்காங்க.

இன்னொரு அடி, கரண்ட் குறுக்குவழி பாத்துப் போறதே இல்ல, கிர்க்காஃப் விதிப்படி இருக்கிற எல்லா வழிலயும் பிரிஞ்சு போகும். வெறும் கிராப் வடிவத்தை வச்சு எந்த இடம் ஆபத்துன்னு சொன்னா தப்பா போகும்னு ஹைன்ஸ் குழு 2010ல எழுதியிருந்தாங்க. சரின்னு கரண்ட் நிஜமா எப்படிப் பிரிஞ்சு போகும்னு பாக்கிற பவர் ஃப்ளோ கணக்குக்கு மாறினேன், முதல்ல 118 பஸ் (லைன் எல்லாம் சேர்ற இடம்) இருக்கிற ஒரு மாதிரி நெட்வொர்க்ல ஓட்டிப் பழகிட்டு அப்புறம் நம்ம டேட்டா. இதுக்கு நடுவுல ரேண்டம் சீட் (கம்ப்யூட்டர் இஷ்டத்துக்கு எடுக்கிற எண்களைத் திரும்ப அதே மாதிரி வரவைக்கிற ஆரம்ப எண்) குறிச்சு வைக்காம விட்டதால பழைய படம் ஒண்ணை எனக்கே திரும்ப வரவைக்க முடியலைங்கிறது தனி சோகம்.

மூணாவது வருஷம் மேடம் சொன்னாங்க, "போய் ஒரு பம்ப் ஹவுஸ்ல நைட் ஷிப்ட் முழுக்க உக்காந்துட்டு வா." லெட்டர் வாங்கவே ஆறு வாரம். அங்க இருந்த ஆபரேட்டர் அண்ணன் ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் பாக்கி. நான் லேப்டாப்பைத் திறந்து என் கிராப்பைக் காட்டினேன், பம்ப் ஹவுஸ் நோடு பக்கத்துல பேக்கப் ஜெனரேட்டர், ஆம்னு டிக் போட்டு வச்சிருந்தேன்.

அவரு சிரிச்சுட்டு, "ஜெனரேட்டர் இருக்கு தம்பி. அது தானா ஓடாது. யாராவது வந்து போடணும்"னாரு.

"ஆள் இருப்பாங்களே அண்ணே?"

"ராத்திரில ரெண்டு பம்ப் ஹவுஸுக்கும் நான் ஒருத்தன்தான். நான் இங்க இருந்தா அங்க யாரு?"

அங்க கரண்ட் போனா இவருக்கு மெசேஜ் வரணும், அதுக்கு ஒரு அலாரம் பொட்டி இருக்கு. இங்க இருக்கிற பொட்டியைத் திறந்து காட்டினாரு. உள்ள பேட்டரி டெர்மினல்ல வெள்ளையா உப்பு பூத்துப் போயிருக்கு, ஒரு ஒயரை கறுப்பு டேப் சுத்தி ஒட்ட வச்சிருக்காங்க, மீட்டர் வச்சுப் பாத்தா கிட்டத்தட்ட ஜீரோ. அங்கயும் இதே நெலமைதானாம். கரண்ட் போயிடுச்சுன்னு சொல்ல வேண்டிய பொட்டி கரண்ட்லதான் ஓடிட்டு இருக்கு. அப்புறம் எப்படித் தெரியும்னு கேட்டேன். தொட்டி காலியாகி ஜனங்க போன் பண்ணுவாங்க, அதுக்குள்ள போன் டவரோட பேட்டரியும் இறங்கிடுச்சுன்னா அதுவும் இல்ல. "கரண்ட் போனா உடனே தண்ணி நிக்காது தம்பி. முதல்ல போன் நிக்கும். போன் நின்னாத்தான் தண்ணி நிக்கும்."

லாக் புக்கை எடுத்துக் குடுத்தாரு. பச்சை இங்க், கோடு போட்ட நோட்டு. ஒரு ராத்திரி 1:10க்கு சப்ளை கட், ஜெனரேட்டர் ஆன் 4:25. குறிப்பு காலத்துல ரெண்டே வார்த்தை: தகவல் தாமதம். அந்த மூணே கால் மணி நேரத்தை என் மாடல் ஜீரோன்னு வச்சிருந்துச்சு.

ரினால்டி குழு 2001ல இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஒண்ணை ஒண்ணு நம்பி இருக்கிறதை நாலு வகையா பிரிச்சிருந்தாங்க, ஒண்ணோட சரக்கு இன்னொண்ணுக்கு வேணும், தகவல் வேணும், ரெண்டும் ஒரே இடத்துல இருக்கும், அப்புறம் இது எதுலயும் சேராம மனுஷ முடிவு, விதிமுறைன்னு வர்றது. முதல் வருஷமே படிச்சு மனப்பாடம் பண்ணினதுதான். அந்த ராத்திரிதான் அர்த்தம் புரிஞ்சுது. என் கிராப்ல அந்த ரெண்டு பம்ப் ஹவுஸுக்கு நடுவுல எட்ஜே இல்ல, ஆனா நிஜத்துல ரெண்டையும் கட்டிப் போட்டிருக்கிறது அந்த ஒரு மனுஷன்.

திரும்பி வந்து மாடலை முதல்ல இருந்து கட்டினேன். ஆளை நோடா போட்டேன், அவரு ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குப் போற நேரம் போட்டேன், பேட்டரிக்கு வயசு போட்டேன். இந்தத் தடவை ஓட்டினா அனிமேஷன் ஒண்ணும் அழகா இல்ல, ரெண்டு மணி நேரம் ஒண்ணுமே நடக்காது, அப்புறம் மொத்தமா விழும். என் கணக்குல பம்ப் ஹவுஸுக்கு கரண்ட் கொண்டு வர ரெண்டாவது ஃபீடர் லைன் இழுக்கிறதை விட அந்த அலாரம் பேட்டரியை மாத்தினா தண்ணி நிக்கிற நேரம் அதிகமா குறைஞ்சுது. இதை எழுதவே கூச்சமா இருந்துச்சு, இதுக்கா நாலு வருஷம்னு. மேடம்தான் இதையே மெயின் சாப்டரா வைன்னு சொன்னாங்க.

வைவால வெளில இருந்து வந்த எக்ஸாமினர் நான் பயந்த கணக்கை எல்லாம் விட்டுட்டு நேரா அந்த சாப்டருக்கு வந்தாரு. "பதினாலு சம்பவம் இருக்கிற ஒரே ஒரு லாக் புக்கை வச்சு மாடல் சரின்னு எப்படி சொல்றீங்க?" சொல்ல முடியாது சார்னேன். "அப்ப அதை எழுதுங்க"ன்னாரு. ஒரு பக்கம் கூடுதலா எழுதிக் குடுத்தேன், பாஸ்.

அன்னைக்கு சாயங்காலம் அந்த அண்ணனுக்கு போன் போட்டு முடிஞ்சிருச்சுன்னு சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டாரு. ரிப்போர்ட் காப்பி அவங்க ஆபீசுக்கும் போயிருக்கே, பேட்டரி மாத்திட்டாங்களா அண்ணேன்னு கேட்டேன்.

"டேப்பைப் புதுசா சுத்தியிருக்காங்க தம்பி."