நிலாவுக்கு குட்நைட் சொல்ற புத்தகமும் எங்க வீட்டு பஞ்சாயத்தும்

ஜூன் 4

நாத்தனார் வீட்டுல இருந்து பை நிறைய பழைய படப் புத்தகம் வந்திருக்கு. அவங்க பசங்க வளர்ந்துட்டாங்க, இனி நம்ம பாப்பாவுக்கு ஆகட்டும்னு அனுப்பிட்டாங்க. பாதிக்கு ஓரம் கடிபட்டிருக்கு, சிலதுல அட்டையே இல்ல. இவர் பையக் கொட்டினதும் மத்ததெல்லாம் தள்ளிட்டு நேரா 'குட்நைட் மூன்'ன எடுத்தார், "அட, இது இருக்கா, இன்னைக்கே படிச்சிடலாம்"னு ஒரே குஷி. 1947ல வந்த அமெரிக்கப் புத்தகம், மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதி கிளெமென்ட் ஹர்ட் படம் போட்டது. பேர் கேள்விப்பட்டிருக்கேன், உள்ள பார்த்ததில்ல.

நைட்டு அவர் படிச்சார், நான் பக்கத்துல துணி மடிச்சிட்டே கேட்டுட்டு இருந்தேன். ஒரு முயல்குட்டி கட்டில்ல படுத்திருக்கு, ரூம்ல என்னென்ன இருக்குனு ஒரு சுத்து சொல்றாங்க, அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் குட்நைட், நாற்காலிக்கு, சீப்புக்கு, பொம்மை வீட்டுக்கு, கிண்ணத்துல இருக்கற கஞ்சிக்கு. முடிஞ்சது. "அவ்ளோதானா, கதை எங்கங்க?"னு கேட்டேன். "இதுக்கு கதை எதுக்கு"ங்கறார். கடையில வருஷக் கடைசியில ஸ்டாக் எடுக்கற மாதிரி இருக்கு, இதுக்கா இவ்ளோ பேர்?

ஜூன் 5

காலையிலயே ஆரம்பிச்சாச்சு. எனக்கு என்னென்ன பிடிக்கலைன்னு சொல்லுனு அவரே கேட்டார், சொன்னேன். பச்சை சுவர், செக்கச்செவேல்னு தரை, இந்த கலர் ரூம்ல யாருக்கு தூக்கம் வரும். அப்புறம் அந்த ஆடற நாற்காலியில உட்கார்ந்து பின்னல் போட்டுட்டு உஷ் உஷ்ங்கற வயசான முயலம்மா யாரு? அம்மாவா, பாட்டியா, ஆயாவா? கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல, புத்தகத்துல ஒருத்தருக்குமே பேர் கிடையாது. எல்லாத்துக்கும் மேல அந்த காலி பக்கம். நடுவுல ஒரு பக்கம் படமே இல்லாம வெள்ளையா இருக்கு, அதுல யாருமே இல்லாத ஒருத்தருக்கு குட்நைட் சொல்றாங்க! இருட்டுல ரெண்டு வயசு குழந்தைகிட்ட போய் இத யாராவது சொல்வாங்களா.

இவருக்கு அந்தப் பக்கம்தான் உசுராம். குழந்தைக்கு அது ஜோக்குங்கறார். எனக்கு பயமா இருக்குன்னா, "உனக்கு பயமா இருக்கு, அவளுக்கு இல்லையே"ங்கறார். அது என்னமோ நிஜம்தான், பாப்பா அந்தப் பக்கத்துல ஒண்ணுமே கண்டுக்கல, திருப்பிட்டு போயிட்டா.

ஜூன் 9

மத்தியானம் பாப்பா தூங்கும்போது தனியா உட்கார்ந்து படத்த மட்டும் பார்த்தேன். எழுத்த விட்டுட்டு பார்த்தா இது வேற புத்தகம்.

முதல் படத்துல கடிகாரம் 7 மணி, கடைசியில 8:10. ஒவ்வொரு கலர் பக்கத்துலயும் முள்ளு கொஞ்சம் கொஞ்சமா நகருது, ஜன்னல்ல நிலா ஏறிட்டே வருது, ரூம் இருட்டிக்கிட்டே போகுது, ஆனா அடுத்தடுத்த பக்கத்துல தெரியாது, முன்னாடி போய் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் சேர்த்து வெச்சாதான் எவ்ளோ மங்கிப் போச்சுன்னு தெரியுது. நடுநடுவுல கலர் இல்லாம கறுப்பு வெள்ளையில ஒவ்வொரு சாமானா கிட்டக்க காட்டறாங்க, அப்போ கண்ணு கொஞ்சம் ஓய்வெடுக்குது போல. ஒரு குட்டி எலி கலர் பக்கம் ஒவ்வொண்ணுலயும் எங்கயாவது உட்கார்ந்திருக்கு, இடம் மாறிட்டே இருக்கு. பூனைக்குட்டி ரெண்டு நூலை உருட்டி விளையாடுது. கடைசிப் படத்துல அந்த முயலம்மாவ காணோம்! நாற்காலி காலி, பூனைக்குட்டிங்க அதுல சுருண்டு தூங்குது. எப்போ எழுந்து போனாங்கன்னு எழுத்துல ஒரு வார்த்தை கிடையாது. பிள்ளை தூங்கினதும் பூனை நடை போட்டு வெளிய வந்த எந்த அம்மாவுக்கும் அது சொல்லித் தெரியணும்னு இல்ல, அங்க மட்டும் எனக்கு இந்த ஹர்ட் மனுஷன பிடிச்சுப் போச்சு.

ஆனா ஒண்ணு. ஆரம்பத்துல ரூம்ல என்னென்ன இருக்குன்னு சொல்லும்போது டெலிபோன் வருது, குட்நைட் சொல்ற வரிசையில அந்த டெலிபோன் வரவே வராது. சாயங்காலம் இவர்கிட்ட கேட்டா "அதுக்கும் ஏதாவது காரணம் இருக்கும்"ங்கறார். பிடிச்சவங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்.

ஜூன் 10

எலி தெரியாம இருந்திருக்கலாம். இன்னைக்கு நான்தான் படிச்சேன், எலி எங்க எலி எங்கன்னு காட்டப் போய் பாப்பா எழுந்து உட்கார்ந்துட்டா, பக்கத்த பின்னாடி திருப்பி மறுபடி தேடறா, சிரிக்கறா, தூக்கமா, அது எங்கயோ போச்சு. இவர் ஹால்ல இருந்து "எலிய நீ காட்டாத, அவளே பார்க்கட்டும்"னு குரல் குடுக்கறார். வந்து படிக்க வேண்டியதுதானே.

ஜூன் 15

ஞாயித்துக்கிழமை, இந்தப் புத்தகத்தோட வரலாறு தேடிப் படிச்சேன், சண்டைக்கு பாயிண்ட் வேணுமே. செமத்தியா கிடைச்சது.

நியூயார்க் பப்ளிக் லைப்ரரி 1947ல இத வாங்கவே இல்லையாம். அங்க குழந்தைகள் பிரிவ ரொம்ப காலம் நடத்தினவங்க ஆன் கரோல் மூர்னு ஒரு அம்மா, 1941லயே ரிட்டயர் ஆனாலும் அவங்க சொல்லுக்கு அங்க அப்பவும் மதிப்பு. அவங்களுக்கு இது ஆகல. சென்டிமென்ட் தாங்க முடியலங்கற ரீதியில லைப்ரரிக்குள்ள எழுதி ஒதுக்கி வெச்சுட்டாங்க, அலமாரிக்கு வந்தது 1972லதான், அதாவது இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு! 2020ல அந்த லைப்ரரி தன்னோட 125வது வருஷத்துக்கு, இதுவரைக்கும் மக்கள் அதிகமா எடுத்துட்டுப் போன பத்து புத்தகம்னு ஒரு லிஸ்ட் போட்டாங்க, அதுல இது இல்ல. அத்தனை வருஷம் உள்ளயே விடாததாலதான் லிஸ்ட்டுக்கு வரலைன்னு அவங்களே சொல்லி தனியா ஒரு மரியாதை இடம் குடுத்தாங்க.

இதப் படிக்கறவங்க எல்லாம் மூர் அம்மாவ வில்லியா ஆக்கிட்டு போயிடறாங்க. எனக்கு அப்படி தோணல. குழந்தைங்களுக்கு நல்ல கதை வேணும், தேவதை, காடு, ஆபத்து, தப்பிச்சு வர்றது, பெரியவங்களுக்கு நல்ல எழுத்து எப்படியோ அப்படித்தான் அவங்களுக்கும்னு பார்த்தவங்க அவங்க. நாற்காலிக்கு குட்நைட் சொல்றத அவங்க ஏத்துக்கலைன்னா அதுல என்ன ஆச்சரியம், நானும்தான் ஏத்துக்கல.

ஜூன் 16

இவரும் சும்மா இல்ல, ராத்திரி முழுக்க படிச்சிருக்கார் போல, காலையில காபிய வெச்சுட்டு ஆரம்பிச்சார். பிரவுன் நியூயார்க்ல லூசி ஸ்ப்ராக் மிட்செல்ங்கறவங்க நடத்தின பேங்க் ஸ்ட்ரீட் பள்ளியில பயிற்சி எடுத்தவங்க. மிட்செலோட கொள்கை நேர் எதிர். சின்னக் குழந்தைக்கு ராஜா ராணி எல்லாம் இன்னும் எட்டாது, அது இப்போதான் தன்னோட ரூம், தன்னோட தெரு, சத்தம் போட்டு போற வண்டி இதையெல்லாம் பார்த்து அசந்துட்டு இருக்கு, அதப் பத்தி எழுதுங்கன்னு 1921லயே அந்த மாதிரி கதைங்கள தொகுத்து புத்தகம் போட்டவங்க. குழந்தைங்க பேசறத உட்கார்ந்து கேட்டு குறிப்பெடுத்து அதுல இருந்து எழுதறதுதான் அங்க பழக்கம். "நம்ம பாப்பா காலையில எழுந்ததும் என்ன பண்றா, ஃபேன், லைட்டு, கதவுனு ஒவ்வொண்ணா கை காட்டி பேர் சொல்றாளா இல்லையா, அவ்ளோதான் இந்தப் புத்தகம்"னார்.

பதில் சொல்ல முடியல, அந்த நேரம் பார்த்து பாப்பா வேற ஜன்னல காட்டி ஜன்னல்ங்கறா.

நல்லா யோசிச்சா எங்க வீட்டு சண்டை நாங்க கண்டுபிடிச்சது இல்ல, மூரும் மிட்செலும் எப்பவோ போட்டது, நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தெரியாமலே நின்னுட்டோம். ஆனாலும் ரெண்டு வயசுக்கு சரி, நாலு வயசுக்கும் இதேவான்னு கேட்டேன். "நாலு வயசுல பார்த்துக்கலாம்"னு நழுவிட்டார்.

ஜூன் 21

நாத்தனார் போன் பண்ணாங்க. புத்தகம் எப்படினு கேட்டாங்க, நான் இழுத்தேன், உடனே சிரிச்சுட்டாங்க. அவங்க வீட்டுல தலைகீழாம். அவங்க பிரியமா வாங்கினது, அவங்க வீட்டுக்காரருக்கு கண்ணுல காட்டக்கூடாது. பெரியவன் ஒரே ராத்திரியில திருப்பித் திருப்பி இதையே கேட்டு படுத்தினதுல ஒருநாள் அலமாரிக்கு பின்னாடி போட்டுட்டு காணோம்னு சொல்லிட்டாராம், வீடு காலி பண்ணும்போதுதான் கிடைச்சதாம். "அதான் அந்த முதுகு ஓரம் கரையான் அரிச்ச மாதிரி இருக்கும் பாரு"ங்கறாங்க. பார்த்தேன், இருக்கு.

அத்தை அங்கதான் இருந்தாங்க, போன வாங்கி "புத்தகம் எதுக்கும்மா, லைட்ட அணைச்சுட்டு நீ ஒரு கதை சொல்லேன்"னாங்க. மூணாவது கட்சி.

ஜூன் 24

இவர் ஒரு ஆராய்ச்சி லிங்க் அனுப்பினார், ஆஃபீஸ்ல இருந்துகிட்டு. 2011ல இங்கிலாந்துல சசெக்ஸ் பல்கலைக்கழகத்துல பண்ணது, மூணு வயசு குழந்தைங்களுக்கு வேற வேற கதை படிச்சத விட ஒரே கதையத் திருப்பித் திருப்பி படிச்சப்போ புது வார்த்தை நல்லா மனசுல நின்னுச்சாம். முழுசா படிச்சேன். அதுக்குனே தனியா எழுதின கதைங்க, புதுசா இட்டுக்கட்டின பேர்களோட, கேள்விப்பட்டே இராத சாமானுங்கள வெச்சு பண்ணது. அதாவது ஒரே புத்தகத்த திரும்பப் படிக்கறது நல்லதுங்கறதுக்கு ஆதாரம், இந்தப் புத்தகம் நல்ல புத்தகம்ங்கறதுக்கு இல்ல. பதில் போட்டேன், ரெண்டு நீல டிக் வந்துச்சு, ஆள் பதில் பேசல.

ஜூன் 28

இன்னைக்கு இவர் வர லேட்டு. மொத்தமே நூத்தி முப்பது வார்த்தை சொச்சம்தான், நான் படிச்சா சட்டுனு முடிஞ்சிடும், அதனால நடுவுல கொஞ்சம் கதை சேர்க்கலாம்னு பார்த்தேன். முயலம்மாவுக்கு முழங்கால் வலி, அதான் உஷ் உஷ்ங்கறாங்க, எலிக்கு கஞ்சி மேல ஒரு கண்ணுனு நல்லாவே போச்சு. பாப்பா என் வாயில கைய வெச்சு மூடிட்டா. "அப்டி இல்ல." சரினு உள்ளபடி படிச்சேன். "அப்பா மாரி." அப்பா மாதிரின்னா எப்படின்னா, ஒவ்வொரு வரிக்கும் நடுவுல ஒரு மூச்சு, பக்கம் போகப் போக குரல் இறங்கிட்டே வரணும், கடைசி ரெண்டு பக்கத்துல வெறும் காத்துதான் வரணும். அப்படியே படிச்சேன். அவளுக்கு முன்னாடி எனக்கு கொட்டாவி.

அதாவது இந்தப் புத்தகத்துல வேலை செய்யறது படிக்கறவங்க குரல்தான், அதுக்கு வழிவிட்டு எழுத்து ஒதுங்கி நிக்குது. அதனாலதான் தனியா வாசிச்சா தட்டையா இருக்கு. இத இவர்கிட்ட சொன்னா "அதத்தான நான் சொல்லிட்டிருக்கேன்"ம்பார். அவர் சொல்றது அது இல்ல. அவர் இத பெரிய இலக்கியம்ங்கறார். நான் தூங்க வைக்குதுங்கறேன். தூங்க வெச்சா நல்ல புத்தகம்னு ஆயிடுமா?

ஜூலை 3

இது எதிர்பாராதது. 2005ல பதிப்பகத்துக்காரங்க பின்னட்டையில இருந்த ஹர்ட் போட்டோல அவர் விரல்ல இருந்த சிகரெட்ட கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டாங்களாம், குழந்தைங்க புத்தகமாச்சேன்னு. நான், இது என்னங்க அநியாயம், செத்துப்போன மனுஷன் போட்டோல கைய வைக்கறது, எந்தக் குழந்தை பின்னட்டை போட்டோவ பார்த்து சிகரெட் பிடிக்கப் போகுதுன்னேன். பழசு மாறாம இருக்கணும்னு இத்தனை நாள் பேசினவர் "எடுத்தது சரிதான், அதுக்கென்ன"ங்கறார்! சோறு ஆறிப் போற வரைக்கும் பேசினோம். பிரவுன் பத்தியும் பேச்சு வந்துச்சு, 1952ல 42 வயசுல போயிட்டாங்க பாவம், பிரான்ஸ்ல ஆபரேஷன் ஆகி தேறி வந்தவங்க, நர்ஸ்கிட்ட நல்லா ஆயிட்டேன் பாருங்கன்னு கால தூக்கி காட்டினாங்களாம், காலுல இருந்த ரத்தக்கட்டி நகர்ந்து உயிர் போயிடுச்சு. அவங்களுக்கு குழந்தை கிடையாது. புத்தகம் பெருசா விக்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான்.

ஜூலை 9

தங்கச்சி கேட்டா, அவ ஃப்ரெண்டு குழந்தைக்கு ஒரு வயசு ஆகப்போகுது, ராத்திரி படிக்க என்ன புத்தகம் வாங்கறதுனு. ஸ்பீக்கர்ல இருந்துச்சு, இவர் உள்ள இருந்தே "குட்நைட் மூன்"னு கத்தறார். நான் சொன்னேன், வாங்கு, ஆனா கெட்டி அட்டை பதிப்பு வாங்கு, பேப்பர்னா ஒரு வாரம் தாங்காது. கூடவே கதைனு ஒண்ணு இருக்கற புத்தகம் ஏதாவது ஒண்ணும் வாங்கு, அது பகல்ல படிக்க. மூணு வயசு தாண்டின அக்காவோ அண்ணனோ அந்த வீட்டுல இருந்தா இத அவங்களுக்கு நீட்டாத, முறைப்பாங்க. எலியப் பத்தி பெத்தவங்ககிட்ட மூச்சு விடாத.

"மாமாவுக்கு அவ்ளோ பிடிச்சிருக்கு, உனக்கு பிடிக்கலையாக்கா?"ன்னா. பிடிக்கலடி, தினம் படிக்கறேன்னேன்.