'நீங்கள்' படுத்திய பாடு: நெப்போலியன் கடிதங்களைத் தமிழாக்கிய அனுபவம்

நெப்போலியன் தன் மனைவி ஜோசஃபினுக்கு எழுதிய கடிதங்களில் சிலவற்றைத் தமிழாக்க உட்கார்ந்தபோது, காதல் வர்ணனைதான் கஷ்டப்படுத்தும் என்று நினைத்தேன். ஏக்கமும் ஊடலும் தமிழில் தானாகவே வந்தன. 1796 நவம்பர் 27 அன்று மிலானில் எழுதியதைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தேன், உன் அறைக்குள் பாய்ந்தேன், நீ அங்கே இல்லை என்கிறான். அவள் ஜெனோவாவுக்குப் போயிருந்தாள். எழுதும்போது எனக்கே தொண்டை அடைத்தது.

தேதிகளுக்குத்தான் இரண்டு நாள் போயிற்று. கடிதங்களில் இருப்பது பிரெஞ்சுப் புரட்சிக் காலண்டர். 'ஜெர்மினால் 10, ஆண்டு 4' என்றால் 1796 மார்ச் 30. ஓர் அட்டவணை போட்டுக்கொண்டதும் சரியாகிவிட்டது.

அந்த மார்ச் 30 கடிதத்தில்தான் மாட்டிக்கொண்டேன். நீஸ் நகரிலிருந்து எழுதியது. மார்ச் 9ஆம் தேதி கல்யாணம். இரண்டே நாளில் இத்தாலியப் படைக்குத் தலைமை ஏற்கக் கிளம்பிவிட்டான். அவனுக்கு 26 வயது, அவளுக்கு 32. உன்னை நேசிக்காமல் ஒரு பகல் போனதில்லை, உன்னைத் தழுவாமல் ஓர் இரவு போனதில்லை, நம்மைப் பிரித்து வைத்திருக்கும் புகழையும் பதவி ஆசையையும் சபிக்காமல் ஒரு கோப்பை தேநீர்கூடக் குடித்ததில்லை என்று அடுக்குகிறான். அப்புறம் திடீரென்று கோபம். தன் கடிதத்தில் அவள் அவனை 'வூ' என்று அழைத்துவிட்டாள். பிரெஞ்சில் 'தூ' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். "வூ நீதான்!" என்று வெடிக்கிறான்.

நேராக 'நீங்கள்' என்றே போட்டு அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "பொண்டாட்டி நீங்கன்னு சொன்னா இவருக்கு எதுக்குக் கோபம் வருது?" என்றார். நியாயமான கேள்வி. அம்மா அப்பாவை வாழ்நாள் முழுக்க 'நீங்க' என்றுதான் கூப்பிட்டார், அதில் பிரியம் மட்டுமே இருந்தது. அடிக்குறிப்பு போட்டுப் பார்த்தேன், அவன் கோபம் ஆறிப்போனது. 'ஐயா' என்று மாற்றினேன், நாடக வசனம்போல ஆகிவிட்டது. அந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட்டு மேலே போனேன்.

விடை 1810ஆம் ஆண்டுக் கடிதத்தில் கிடைத்தது. 1804இல் தன் கையாலேயே அவள் தலையில் மகுடம் வைத்தவன், தங்களுக்குப் பிள்ளை இல்லாததால் வாரிசுக்காக அவளை விவாகரத்து செய்துவிட்டான். 1810 ஏப்ரலில் ஆஸ்திரிய இளவரசி மரி லூயீஸுடன் திருமணம். அதே மாதம், மால்மேசோன் மாளிகைக்குத் திரும்ப அனுமதித்ததற்காக, மன்னருக்குக் குடிமகள் எழுதுவதுபோல ஜோசஃபின் எழுதினாள். 21ஆம் தேதி அவன் பதில் எழுதினான். உன் கடிதத்தின் நடை நன்றாயில்லை, நான் எப்போதும் அதே ஆள்தான். அப்போதும் அவளை 'தூ' என்றுதான் அழைக்கிறான். 14 வருடம் கழித்தும் அதே மனத்தாங்கல்!

இங்கே அவள் வாயில் 'தாங்கள்' தவிர வேறு எதுவும் பொருந்தவில்லை. அதிகாரிக்கு மனு எழுதும்போது நாம் போடுகிற சொல். எழுதிய கையோடு 1796க்குத் திரும்பிப் போய் அங்கேயும் அதையே வைத்தேன்: "என்னைத் தாங்கள் என்கிறாய். நீதான் தாங்கள்!"

மறுபடி அம்மாவிடம் வாசித்தேன்.

"ஐயோ, கல்யாணமான வாரத்திலேயே தாங்களா?" என்றார்.