16 கிலோ கெட்டில்பெல்லிலிருந்து 20-க்கு எப்போது மாறலாம்?

கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) பெரும்பாலும் 4 கிலோ இடைவெளியில்தான் கிடைக்கிறது. 16-லிருந்து 20-க்குப் போனால் ஒரே தாவலில் 25 சதவீதம் கூடிவிடும். 24-ஐ எடுத்தால் 50. அதனால் அவசரம் வேண்டாம்.

ஒற்றைக்கை ஸ்விங்குக்கு (இடுப்பைத் தள்ளி, ஒரு கையால் குண்டை முன்னால் வீசி எழுப்புவது) நம்பகமான அளவுகோல் ஒன்று உண்டு: கையை மாற்றி மாற்றி, செட்டுக்கு 10 வீதம் 10 செட், 5 நிமிடத்துக்குள். எண்ணிக்கையைவிட வேகம்தான் முக்கியம். பத்தாவது செட்டிலும் குண்டு முதல் செட்டைப் போலவே துள்ளி எழ வேண்டும். இப்படி இரண்டு வாரம் தொடர்ந்து வந்தால் மாறலாம்.

அப்போதும் பத்து செட்டையும் மாற்றாதீர்கள். உடல் நன்றாகச் சூடேறியிருக்கும் 5, 6-ஆவது செட்டுகளை மட்டும் 20 கிலோவில் செய்யுங்கள். வாரம் இரண்டு செட்டாகக் கூட்டுங்கள். இடுப்பு தள்ளுவதற்குப் பதில் தோள் தூக்க ஆரம்பித்தாலோ, கீழ்முதுகு வளைந்தாலோ உடனே 16-க்குத் திரும்புங்கள். முதலில் சோர்வது பெரும்பாலும் பிடிதான். உள்ளங்கைக் காய்ப்பைத் தேய்த்துச் சமமாக்காவிட்டால் தோல் கிழியும்.

பிரஸ்ஸுக்கு (குண்டைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளுவது) இந்தக் கணக்கு ஒத்துவராது, தோள் மெதுவாகத்தான் பலம் பெறும். கைக்கு 5 முறை வீதம் 5 செட், முதுகைப் பின்னால் சாய்க்காமல் வந்த பிறகு, 20 கிலோவில் செட்டுக்கு ஒரு முறை மட்டும் முயலுங்கள்.

பழைய 16-ஐ விற்றுவிடாதீர்கள். வார்ம்அப்புக்கு அதுதான் வேண்டும்.