எங்கள் பேட்டையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

அப்பா சிங்கப்பூர் சிட்டி கவுன்சிலின் தண்ணீர்ப் பிரிவில் குழாய் வேலை பார்த்தவர். 1963இல் தண்ணீர், மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளப் பொதுப் பயனீட்டுக் கழகம் அமைந்ததும் சம்பளச் சீட்டில் பெயர் மாறியது. வேலை அதேதான். ஆனாலும் கடைசிவரை "நான் கவுன்சில் ஆளு" என்றுதான் சொல்லிக்கொள்வார்.

அந்த கவுன்சிலைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. முனிசிபல் கமிஷன் என்று இருந்தது, 1951இல் சிங்கப்பூருக்கு நகரத் தகுதி கிடைத்தபோது சிட்டி கவுன்சில் ஆனது. 1957 டிசம்பர் தேர்தலில் 32 இடங்களுக்கும் மக்களே வாக்களித்தார்கள். மக்கள் செயல் கட்சி 13 இடங்களைப் பிடித்தது, ஓங் எங் குவான் மேயரானார். 1959இல் தன்னாட்சி வந்ததும் கவுன்சில் கலைக்கப்பட்டு, அதன் வேலைகள் அரசாங்கத்தின் கைக்குப் போயின; அப்பாவின் தண்ணீர்ப் பிரிவு 1963இல் அந்தப் பயனீட்டுக் கழகத்துக்கு மாறியது. இத்தனை சின்னத் தீவுக்கு இரண்டு நிர்வாகம் எதற்கு என்று கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சாக்கடை அடைத்தால் போய்க் கேட்க, நாமே தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர் இல்லாமல் போனார். எனக்கு அது பெரிய இழப்பாகத்தான் படுகிறது.

அப்புறம் அரசாங்க அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) தோ பாயோ குடியிருப்பு நகரைக் கட்டியது, பராமரிப்பையும் தானே பார்த்தது. 1986இல் அங் மோ கியோ வட்டாரத்தில், வீவக பேட்டைகளைப் பராமரிக்க மூன்று நகர மன்றங்களைச் சோதனையாகத் தொடங்கினார்கள். 1988இல் சட்டமே வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களே மன்றத்தை நடத்த வேண்டும் என்பதுதான் அதன் உயிர்நாடி. தாழ்வார விளக்கு எரியவில்லையா, மின்தூக்கி நின்றுவிட்டதா, நாம் வாக்களித்தவரிடமே நேராகக் கேட்கலாம்.

மாதாமாதம் நாம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு பகுதியை நகர மன்றம் சட்டப்படி தனி நிதிகளாகச் சேர்த்து வைக்க வேண்டும். பழைய மின்தூக்கியை மாற்றுவது, கூரையைப் புதுப்பிப்பது, வண்ணம் பூசுவது எல்லாம் அவற்றிலிருந்துதான். கணக்கு தணிக்கையாகி ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்குப் போகிறது. இணையத்திலும் கிடைக்கும். நம்மவர்கள் அதைப் படிக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். கட்டணம் ஏறும்போது புலம்புகிறோமே, ஏன் ஏறியது என்பதற்கும் அங்கேதான் பதில் இருக்கிறது.

எங்கள் புளோக்குக்குப் புது வண்ணம் பூசப்போகிறார்கள். கீழ்த்தளத்தில் மாதிரிப் படங்களை மாட்டி, குடியிருப்பாளர்களை வாக்களிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) பச்சைதான் வேண்டும் என்கிறார். எனக்கு அந்த வெளிர்நீலம் பிடித்திருக்கிறது. சனிக்கிழமை காலையில் மின்தூக்கிப் பக்கத்தில் நின்று, நம் தளத்துத் தமிழ்க் குடும்பங்களையும் வாக்களிக்கக் கூப்பிடப்போகிறேன்.