எஸ்.என்.ஏ. சந்தா வீண்செலவா?

பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டில் கல்லூரிக் கட்டணத்தோடு எஸ்.என்.ஏ. சந்தாவையும் சேர்த்தே வாங்கிவிட்டார்கள். மாணவ செவிலியர் சங்கம் என்பதன் சுருக்கம்தான் அது என்று எனக்குத் தெரியவே கொஞ்ச நாளானது. சங்க வேலைகளில் நாம் செய்ததை எழுதிவைக்கக் கையில் ஒரு டைரி கொடுத்தார்கள். அந்த வருடம் முழுக்க அதில் என் பெயரைத் தவிர வேறெதுவும் எழுதவில்லை. சீனியர் அக்கா ஒருவர் நான்கு வருட டைரியையும் ஒரே ராத்திரியில் நிரப்பியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இப்படித்தான் இருக்கப் போகிறீர்கள் என்றால், சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஒன்றுதான்.

சங்கம் ஒன்றும் நேற்று முளைத்ததில்லை. 1908-இல் உருவான டி.என்.ஏ.ஐ. என்ற இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்தின் மாணவர் பிரிவாக 1929 முதல் இருந்துவருகிறது. கல்லூரிக்குக் கல்லூரி கிளை உண்டு, மாநில, தேசிய மாநாடுகளும் நடக்கும். ஆனால் அதன் பலன் கிளையில் நீங்கள் எந்த வேலையை இழுத்துப்போட்டுச் செய்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

இரண்டாம் ஆண்டில் யாரும் முன்வராததால் பொருளாளர் பதவி என் தலையில் விழுந்தது. மே 12 செவிலியர் தின விழா முடிந்து கணக்குப் பார்த்தால் 340 ரூபாய் இடித்தது. ஹாஸ்டல் கட்டிலில் சில்லறையைக் கொட்டி மூன்று முறை எண்ணினேன். கடைசியில் பார்த்தால், பூக்காரம்மாவுக்குக் கொடுத்த காசு. சீட்டு வாங்கவில்லை, நோட்டிலும் எழுதவில்லை. எங்கள் கிளையைக் கவனித்துக்கொண்ட ஆசிரியை, ஆலோசகர் மேடம், திட்டவில்லை. "வார்டுல ஊசி போட்டுட்டு எழுதாம விட்டா என்ன அர்த்தம்?" என்று மட்டும் கேட்டார். போடவில்லை என்றுதான் அர்த்தம். வகுப்பில் எத்தனையோ முறை கேட்ட பாடம் அன்றைக்குத்தான் உறைத்தது.

மாநாட்டில் கட்டுரை வாசித்த கதை இன்னும் மோசம். எட்டு நிமிடக் கட்டுரையை நான்கே நிமிடத்தில் ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். நடுவர் ஒரு கேள்வி கேட்டார், பேச்சே வரவில்லை. ஆனாலும் அங்கே ஒருமுறை மானம் போனதால், அப்புறம் வார்டில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர்களிடம் நோயாளியின் நிலையைச் சொல்லும்போது அவ்வளவாக உதறல் இல்லை.

சிலர் நம்புவதுபோல, தமிழக அரசு மருத்துவமனை வேலைக்கான எம்.ஆர்.பி., எய்ம்ஸ் வேலைக்கான நார்செட் ஆகிய செவிலியர் தேர்வுகளில் எஸ்.என்.ஏ. சான்றிதழுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. படிப்பு முடிந்ததும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்வதும் வேறு, சங்க உறுப்பினராக இருப்பதும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நேரமும் பணமும் போவது உண்மைதான். சங்க விழா நடன உடை வாடகைக்குக் காசைக் கொட்டிவிட்டு, மூன்று கேர் பிளான் (நோயாளி பராமரிப்புத் திட்டம்) பாக்கியோடு வார்டு போஸ்டிங்குக்குப் போய்த் திட்டு வாங்கியிருக்கிறேன். அதனால் பதவி எடுப்பதென்றால் இரண்டாம், மூன்றாம் ஆண்டிலேயே எடுங்கள். கடைசி வருடம் ஆராய்ச்சி ப்ராஜெக்ட்டுக்கே சரியாக இருக்கும்.

டைரியை அன்றன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எங்கள் ஆலோசகர் மேடம் மூன்றாம் ஆண்டு நடுவிலேயே வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். என் டைரியில் பாதிப் பக்கங்கள் இன்னும் கையெழுத்தில்லாமல்தான் கிடக்கின்றன.