வெள்ளைக்கல்லும் பேட்டரியும்

சேலத்துக்கும் ஏற்காடு அடிவாரத்துக்கும் நடுவே வெள்ளையாகத் தெரியும் மண்மேடுகளைப் பார்க்காத சேலத்துக்காரர் இருக்க முடியாது. அது மேக்னசைட், நம் ஊர் வெள்ளைக்கல். அந்தப் பெயரில் ரயில் நிலையமே இருக்கிறது. இரும்பு உருக்கும் உலைகளின் உட்புறச் செங்கலுக்காகத்தான் இத்தனை காலம் அதை வெட்டினோம்.

அதில் இருக்கும் மெக்னீசியத்தை வைத்து பேட்டரி செய்யும் ஆராய்ச்சி பல நாடுகளில் நடக்கிறது. லித்தியம் அயனி ஒரு மின்னூட்டம் சுமக்கும், மெக்னீசியம் அயனி இரண்டு சுமக்கும். ஒரே கன அளவு உலோகத்தில் லித்தியத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்சாரம் சேமிக்கலாம். சிக்கலும் அங்கேதான். இரட்டை மின்னூட்டம் இருப்பதால் பேட்டரியின் நேர்முனையில் இருக்கும் படிகத்துக்குள் அந்த அயனி ஒட்டிக்கொண்டு மெதுவாகவே நகர்கிறது. 2000-இல் இஸ்ரேலில் டோரன் அவுர்பாக் குழு மறுபடி சார்ஜ் ஆகும் மாதிரியைச் செய்து காட்டியது. ஆனால் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டை ஒட்டித்தான் கிடைத்தது. பொருத்தமான படிகத்தை இன்னும் தேடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெக்னீசியம் எடுக்க வெள்ளைக்கல்லைச் சுட்டால் அதன் எடையில் பாதிக்கும் மேல் கரியமில வாயுவாகப் போய்விடும். அதைப் பிடிக்க வழி செய்யாமல் இதைத் தூய ஆற்றல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சேலத்தில் உலோகவியல், வேதியியல் படிக்கும் தம்பி தங்கைகளே, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. புராஜெக்ட் தலைப்பு தேடும்போது இந்தக் கல்லையும் யோசியுங்கள்.