41-இல் தொடங்கும் சுருள்

மகளின் கட்டம் போட்ட நோட்டு. நடுவில் 41. வலப்பக்கம் 42, அதன் மேலே 43, அப்புறம் இடப்பக்கமாக 44, 45... சுருளாகச் சுற்றிக்கொண்டே போயிருக்கிறாள்.

பகா எண்களை மட்டும் சிவப்பில் வட்டமிடச் சொன்னேன்.

61, 47, 41, 43, 53. ஒரே மூலைவிட்டத்தில் வரிசைகட்டி நிற்கின்றன!

அந்தக் கோட்டிலேயே போனால் 1601 வரை 40 எண்கள், அத்தனையும் பகா எண்கள். அடுத்தது 1681. அது 41 பெருக்கல் 41. சரி, அதோடு போச்சு.

1963-இல் கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம் ஏதோ ஓர் அறுவை உரையைக் கேட்டபடி கிறுக்கியதில் பிறந்தது இந்தச் சுருள். அவர் தொடங்கியது 1-இல். அதிலும் மூலைவிட்டக் கோடுகள்! (அறுவைக்கும் பயன் உண்டு.)

சில கோடுகளில் மட்டும் பகா எண்கள் ஏன் இப்படிக் குவிகின்றன? கணிப்பு இருக்கிறது, நிரூபணம்தான் இன்னும் யாரிடமும் இல்லை.